விடுதலும் கொல்லுதலும்: வாழ்வின் இறுதி பற்றிய சட்ட விவாதங்களில் சமயத்தின் இடம்

ஒருவருடைய வாழ்நாள் முடிவை நெருங்கும்போது மருத்துவம் எதுவரை செல்லலாம், எங்கே நின்றுகொள்ள வேண்டும் என்பது மருத்துவர்கள் மட்டும் முடிவு செய்யும் வினா அன்று. குடும்பத்தாரும் நீதிமன்றமும் நாடாளுமன்றமும் அதற்கு விடை தேட வேண்டியுள்ளது. இவர்கள் எல்லாருக்கும் முன்பே விடை சொல்லத் தொடங்கியவை சமயங்கள். ஆகவே இறுதிக்கால முடிவுகளைப் பற்றிய அரசியல் விவாதம் எந்த நாட்டில் எழுந்தாலும் அங்கே சமயத்தின் குரல் கேட்கிறது. அக்குரல் சட்டத்துக்குள் எவ்வழியாக நுழைகிறது என்பதே இவ்வுரை ஆராயும் பொருள்.

சமயம் என்றவுடன் ஆதரவு, எதிர்ப்பு என்னும் இரண்டு முகாம்களை மட்டும் நாம் நினைத்துக்கொள்கிறோம். சட்டங்களின் சொற்களைக் கூர்ந்து பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. சமயம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு சட்டத்துக்குள் நுழைவது குறைவு. சொற்களாகவும் வரையறைகளாகவும் விலக்குகளாகவும் நுழைவதே மிகுதி. மொழி கற்பிப்போரும் கற்போரும் இதனை அறிந்திருத்தல் நன்று. ஒரு முதியவரின் படுக்கையருகே நின்று மருத்துவர் சொல்வதைத் தமிழில் எடுத்துரைக்கும் பொறுப்பு நாளை உங்களில் எவருக்கும் வரலாம்.

ஒரு நகர், நான்கு வழிபாட்டு இல்லங்கள்

இவ்வுரை நிகழும் தோ பாயோவையே எடுத்துக்கொள்வோம். பெருஞ்சதுப்பு என்னும் பொருளுடைய இப்பெயரைத் தாங்கிய நிலம் 1960களில் வீவக நகராக உருப்பெற்றது. அதற்கு முன்பே, 1898இல் தொடங்கப்பெற்ற சுவாங் லின் பௌத்த மடாலயம் இங்கே இருந்தது. நகர் எழுந்தபின் 1971இல் கத்தோலிக்கரின் உயிர்த்த கிறிஸ்து தேவாலயமும், 1977இல் முஹாஜிரின் பள்ளிவாசலும் திறக்கப்பெற்றன. எட்டாம் லோரோங்கில் ஸ்ரீ வைராவிமட காளியம்மன் கோயில் உள்ளது. நடந்தே சென்று வரத்தக்க தொலைவுக்குள் நான்கு சமயங்கள் மரணத்துக்கு நான்கு விளக்கங்களைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஆயினும் நான்கு சமயத்தாரும் செல்லும் மருத்துவமனை ஒன்றுதான்; அவர்களை ஆளும் சட்டமும் ஒன்றுதான்.

சிங்கப்பூர் சமயச் சார்பற்ற அரசு. சமயத்தைக் கட்சி அரசியலுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் இயற்றப்பட்டது. ஆனால், சமயத்தை அரசியலிலிருந்து விலக்கிவைப்பது வேறு. சமய நம்பிக்கையுடைய குடிமக்களின் மனச்சான்றைச் சட்டம் கணக்கில் கொள்வது வேறு. முதலாவதைச் செய்துகொண்டே இரண்டாவதை எப்படிச் செய்வது என்னும் வினாவுக்கு இறுதிக்காலச் சட்டங்களே கடினமான தேர்வாக அமைந்தன.

தமிழ் மரபின் பழஞ்சொற்கள்

சட்டங்களுக்குச் செல்லுமுன் தமிழ் இதனை எவ்வாறு பேசியது என்று காண்போம். சங்க இலக்கியத்தில் வடக்கிருத்தல் என்னும் வழக்கம் உண்டு. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருது முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்தான். தன் மக்களோடு பகை நேர்ந்தபின் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான். அவனை முன்பின் கண்டிராத பிசிராந்தையார் வந்து உடன் இருந்தார். இச்சொல்லின் அமைப்பு கருதத்தக்கது. ‘வடக்கு’ என்னும் திசைப்பெயரும் ‘இரு’ என்னும் வினையும் சேர்ந்த இதில் சாவும் இல்லை, கொலையும் இல்லை. ஒரு திசையை நோக்கி அமர்ந்திருத்தல் என்பதே இதன் நேர்ப்பொருள். உணவை மறுத்து உயிர்விடும் செயலை மொழி ஓர் இருப்பாகவே பெயரிட்டது.

சமண மரபு இதே செயலுக்கு வேறு பெயரிட்டது. சல்லேகனை என்பது மெலிவித்தல் என்னும் பொருளுடைய வடசொல்லின் தமிழ் வடிவம். உடலையும் அதனோடு பற்றையும் படிப்படியாக மெலியச் செய்தல் என்பது கருத்து. இல்லறத்தார்க்குரிய சமண ஒழுக்கத்தைக் கூறும் அருங்கலச்செப்பு என்னும் தமிழ் நூல் இந்நோன்பையும் பேசுகிறது. அந்நூலுக்கு மூலமான சமந்தபத்திரரின் வடமொழி நூல் இந்நோன்பை எவரும் எப்போதும் மேற்கொள்ளலாம் என்று விட்டுவிடவில்லை. தப்ப முடியாத இடையூறு, வற்கடம், மூப்பு, தீரா நோய் ஆகிய நிலைகளுக்கே அதனை உரித்தாக்குகிறது. ‘தீரா நோய்’ என்னும் நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இக்காலச் சட்டங்களிலும் அதனைச் சந்திக்கப்போகிறோம்.

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்ட பாறை உள்ளது. அக்குன்றில் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்ததைப் பதிவு செய்கிறது. மற்றொரு கல்வெட்டு இளைய பட்டாரர் என்பவர் 30 நாள் நோற்றதைச் சொல்கிறது. நாள் எண்ணிக்கையைக் கல்லில் பொறித்ததற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும். இது மறைவில் நிகழ்ந்த செயல் அன்று. தானே ஏற்றுக்கொண்டது, பிறர் அறிய நிகழ்ந்தது, கால அளவு உடையது என்பதற்கு அக்கல் சான்றாக நிற்கிறது.

இதற்கு மறுதலையான வழக்கம் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்கள் சிலவற்றில் தலைக்கூத்தல் என்று பேசப்படும் ஒன்று உண்டு. நலிந்த முதியவருக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, அவர் இறப்பை விரைவுபடுத்துவது அது. வடக்கிருத்தலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முடிவெடுப்பவர் யார் என்பதில் உள்ளது. முன்னதில் இறப்பவரே முடிவெடுக்கிறார். பின்னதில் பிறர் முடிவெடுக்கின்றனர். உலகெங்கும் இறுதிக்காலச் சட்டம் பற்றிச் சமயத்தார் எழுப்பும் அச்சத்தின் உள்ளீடு இதுவே: தன் விருப்பம் என்னும் பெயரில் பிறர் விருப்பம் நுழைந்துவிடுமோ?

‘கருணைக்கொலை’ என்னும் சொல் செய்த வேலை

இருபதாம் நூற்றாண்டில் இவ்விவாதம் தமிழுக்கு வந்தபோது பழஞ்சொற்கள் எவையும் பயன்படவில்லை; ‘கருணைக்கொலை’ என்னும் புதுச்சொல் நிலைபெற்றது. ஆங்கிலத்தில் இருவகைச் சொற்கள் உண்டு. ‘யூத்தனேசியா’ என்பது கிரேக்க மூலத்தில் நல்ல இறப்பு என்றே பொருள்படும். அதில் கொலை இல்லை. ‘மெர்சி கில்லிங்’ என்பதில் கொலை உண்டு. தமிழ் இரண்டாவதையே சொல்லுக்குச் சொல் பெயர்த்துக்கொண்டது. முதலாவதற்கும் அதனையே வழங்கியது.

இதன் விளைவு சிறிதன்று. நஞ்சூசி போட்டு உயிரைப் போக்குவதும், பயனற்ற மூச்சுக்கருவியை அகற்றுவதும், வலிதணிக்கும் மருந்து கொடுப்பதும் மருத்துவ அறத்தில் மூன்று வேறு செயல்கள். தமிழ்ப் பேச்சில் மூன்றும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. ‘கொலை’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் எந்தச் சமயத்தாரும் பின்வாங்குவர். திருக்குறள் கொல்லாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த மரபில் வேறெப்படி இருக்க இயலும்? ஆராய்ந்து விடை காண வேண்டிய வினாவுக்குச் சொல்லே தீர்ப்பெழுதிவிடுகிறது.

ஒரு சொல்லின் நெடும்பயணம்

இதற்கு நேர்மாறாக, விவாதத்தைத் திறந்துவிட்ட சொல் ஒன்றும் உண்டு. சிங்கப்பூரின் 1996ஆம் ஆண்டுச் சட்டம் ‘அசாதாரண உயிர்காப்புச் சிகிச்சை’ என்னும் கருத்தின்மேல் கட்டப்பட்டது. ஆங்கில மூலத்தில் உள்ள ‘எக்ஸ்ட்ராடினரி’ என்னும் அடைமொழியை மருத்துவச் சொல் என்றே பலரும் எண்ணுவர். அதன் பிறப்பிடம் மருத்துவமனை அன்று, கத்தோலிக்க இறையியல்.

16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் இறையியலாளர்கள் ஒரு வினாவை ஆராய்ந்தனர். உயிர் இறைவன் தந்தது. ஆதலால் அதனைக் காப்பது கடமை. அப்படியாயின், தாங்க முடியாத வலி தரும் அறுவைச் சிகிச்சையையும் ஒருவர் ஏற்றுத்தான் ஆகவேண்டுமா? மயக்க மருந்து இல்லாத காலத்தில் எழுந்த வினா இது. பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா முதலியோர் இதனை ஆராய்ந்தனர். தொமிங்கோ பான்யெஸ் ‘சாதாரண வழிகள்’, ‘அசாதாரண வழிகள்’ என்னும் பாகுபாட்டை வகுத்தார். சாதாரண வழிகளால் உயிரைக் காப்பது கடமை. அசாதாரண வழிகளை நாடுவது கடமையன்று என்பது முடிவு.

மூச்சுக்கருவிகள் பரவத் தொடங்கிய காலத்தில் இப்பழைய பாகுபாடு மீண்டும் உயிர்பெற்றது. 1957ஆம் ஆண்டு நவம்பர் 24 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பியுஸ் மயக்கவியல் மருத்துவர்களிடையே ஆற்றிய உரையில், மீளும் நம்பிக்கையற்ற நோயாளிக்கு அசாதாரண வழிகளைத் தொடர வேண்டிய கட்டாயமில்லை என்று விளக்கினார். 1976இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம், நினைவிழந்து கிடந்த கேரன் குயின்லன் என்னும் இளம்பெண்ணின் மூச்சுக்கருவியை அகற்ற வழிவிட்டது. அவளுடைய பெற்றோர் கத்தோலிக்கர். தம் சமயம் இதனை அனுமதிக்கிறது என்று உறுதி பெற்ற பின்னரே நீதிமன்றத்தை நாடினர். கருவியை அகற்றிய பின்னும் அவள் 1985 வரை உயிர்வாழ்ந்தாள் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. கருவியை அகற்றுவதும் உயிரைப் போக்குவதும் ஒன்றல்ல என்பதற்கு அதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. அதே 1976ஆம் ஆண்டில் கலிபோர்னியா முன்கூட்டிய மருத்துவ ஆணையை ஏற்கும் முதல் சட்டத்தை இயற்றியது. 1983இல் தென் ஆஸ்திரேலியா இயற்றிய சட்டத்தில் ‘அசாதாரண நடவடிக்கைகள்’ என்னும் தொடர் இடம்பெற்றது.

இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். 1980இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, ‘அசாதாரணம்’ என்னும் சொல் தெளிவற்றதாகிவிட்டது என்னும் கருத்தைக் குறிப்பிட்டு, பயனுக்கும் துன்பத்துக்கும் இடையிலான தகவை எண்ணிப் பார்க்கும் வேறு சொற்களை முன்வைத்தது. சொல்லைப் பிறப்பித்த திருச்சபை அதனைத் தளர்த்திக்கொண்டபோது, சமயச் சார்பற்ற சட்டங்கள் அதனைப் பற்றிக்கொண்டன. சட்டம் எழுதியோர் இறையியலை வேண்டுமென்றே கடன் வாங்கினர் என்று நான் கூறவில்லை. மருத்துவ அறவியல் நூல்கள் வழியாகச் சொல் பரவியது. பரவிய சொல் தன் பாகுபாட்டையும் கூடவே கொண்டுசென்றது.

சிங்கப்பூர்: 1994 முதல் 1997 வரை

சுகாதார அமைச்சு 1994இல் தேசிய மருத்துவ அறவியல் குழுவை அமைத்தது. முன்கூட்டிய மருத்துவ ஆணைக்குச் சட்ட வடிவம் தரலாம் என்று அக்குழு 1995இல் பரிந்துரைத்தது. அவ்வாண்டிலேயே மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்து, பின்னர்த் தெரிவுக் குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. எல்லா மசோதாக்களும் அக்குழுவுக்குச் செல்வதில்லை. பொதுமக்களின் கருத்தைப் பெற்றுச் சொல் சொல்லாகத் திருத்த வேண்டியவையே பெரிதும் செல்லும். 1996ஆம் ஆண்டு மே மாதம் சட்டம் நிறைவேறியது. 1997 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

அக்காலச் சூழலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பகுதிக்கு அண்மையில், ஆஸ்திரேலியாவின் வட ஆள்புலம் 1995இல் மருத்துவர் உதவியுடன் உயிர்துறக்க அனுமதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1996 ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. நால்வர் அச்சட்டத்தின்கீழ் இறந்தபின், 1997 மார்ச்சில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அதனைச் செல்லாததாக்கியது. சிங்கப்பூர் தன் சட்டத்தைச் செதுக்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில் டார்வின் நகரில் வேறொரு பாதை திறந்து மூடியது. ஆகவே, ‘இது அதுவன்று’ என்று சொல்ல வேண்டிய தேவை சிங்கப்பூருக்கு இருந்தது.

அந்தத் தேவையைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நிறைவேற்றியது. இறப்பை உண்டாக்கும் அல்லது விரைவுபடுத்தும் எச்செயலுக்கும் இச்சட்டம் அதிகாரம் தரவில்லை என்றும், இறப்பு தன் இயல்பான போக்கில் நிகழ விடுவது வேறு என்றும் அப்பிரிவு பிரித்துரைக்கிறது. சமயங்கள் எழுப்பிய அடிப்படை வினாவுக்கு விடையாகவே இப்பிரிவை நான் வாசிக்கிறேன். எந்தச் சமயத்தின் பெயரும் அதில் இல்லை. ஆயினும் கோயிலுக்குச் செல்பவரும் தேவாலயத்துக்குச் செல்பவரும் பள்ளிவாசலுக்குச் செல்பவரும் மடாலயத்துக்குச் செல்பவரும் தத்தம் காரணங்களோடு ஏற்கத்தக்க எல்லைக்கோடு அது.

பிற விதிகளும் இவ்வெண்ணத்தையே காட்டுகின்றன. 21 வயது நிரம்பியவரே ஆணை எழுதலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்களுள் ஒருவர் மருத்துவராக இருக்க வேண்டும். ஆணை எழுதியவரின் இறப்பால் ஆதாயம் பெறுபவர் சாட்சியாகக் கூடாது. நோய் தீராதது, இறப்பு நெருங்கிவிட்டது என்று மூன்று மருத்துவர்கள் சான்றளிக்க வேண்டும். வலிதணிப்பும் உணவும் நீரும் ‘அசாதாரண’ சிகிச்சை ஆகா; அவற்றை நிறுத்துவதற்கு இச்சட்டம் இடம் தரவில்லை. தீரா நோய் என்னும் நிபந்தனையும், தானே எடுத்த முடிவு என்னும் நிபந்தனையும், பிறர் அறியச் சாட்சி என்னும் நிபந்தனையும் ஒருங்கே நிற்பதைக் காணும்போது திருநாதர்குன்றின் கல்வெட்டு நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நோன்பு உணவை மறுத்தது. சட்டம் உணவைக் காத்தது. அவ்வேறுபாட்டை அழித்து ஒப்புமை பேசுவது அறிவுடைமை ஆகாது.

இன்னொரு விதி மிக நுட்பமானது. இத்தகைய ஆணையின்படி செயல்பட மனம் ஒப்பாத மருத்துவர் தம் மறுப்பைப் பதிவாளரிடம் பதிவு செய்துகொள்ளலாம். மறுப்புக்குக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். சமய நம்பிக்கையும் அதில் அடங்கும். சமயம் சாராத அறநோக்கும் அடங்கும். சமயத்துக்கு இடம் தந்து, அதற்குத் தனிச்சலுகை தராமல் நிற்கும் வழி இது.

விலக்கு என்னும் மற்றொரு வாயில்

எல்லாச் சட்டங்களும் இவ்வாறு பொதுச்சொல்லில் தீர்வு காணவில்லை. 1987இல் இயற்றப்பட்ட மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வேறு வழியில் சென்றது. மறுப்புத் தெரிவிக்காதவர் இசைந்தவராகவே கொள்ளப்படுவார் என்பது அதன் அடிப்படை. இங்கே மௌனமே இசைவாகிறது. ஆதலால் சமய நம்பிக்கையோடு நேரடி மோதல் எழக்கூடும். 1973இல் முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஃபத்வா உறுப்பு மாற்றை ஏற்கவில்லை. 1986இல் சிறுநீரகத்துக்கு வழி திறந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம்களை விலக்கி வைத்து, விரும்புவோர் தாமே பதிந்துகொள்ள வகைசெய்தது. 2007இல் வெளியான ஃபத்வா, முஸ்லிம்கள் இச்சட்டத்தின்கீழ் வருவதை ஏற்றது. அதன்பின் சட்டம் திருத்தப்பட்டு, 2008 ஆகஸ்ட் 1 முதல் அவர்களும் உள்ளடக்கப்பட்டனர்.

இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. ஒருவர் தாமே முன்வந்து கையொப்பமிடும் சட்டத்தில் எந்தச் சமயத்தாருக்கும் விலக்குத் தேவைப்படவில்லை. விரும்பாதவர் கையொப்பமிடாமல் இருந்தால் போதும். மௌனத்தை இசைவாகக் கொள்ளும் சட்டத்தில் விலக்குத் தேவைப்பட்டது. அந்த விலக்கு நீங்கியதும் சமயத்துக்குள்ளேயே நிகழ்ந்த அறிஞர் ஆய்வினால்தான். 1973க்கும் 2007க்கும் இடையில் ஒரு சமயத்தின் நிலைப்பாடு அதன் சொந்த நெறிமுறைகளுக்கு உட்பட்டே மாறியது. சமயம் என்றால் மாறாதது என்று எண்ணுவோர் இந்த 34 ஆண்டுகளை ஆராய வேண்டும்.

இந்தியாவில் நீதிமன்ற வழி

சிங்கப்பூரில் நாடாளுமன்றம் முதலில் பேசியது. இந்தியாவில் நீதிமன்றம் முதலில் பேசியது. வாழும் உரிமையில் சாகும் உரிமை அடங்காது என்று 1996 மார்ச்சில், கியான் கௌர் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் மாண்புடன் இறத்தல், மாண்புடன் வாழ்தலின் பகுதி என்னும் கருத்துக்கும் அத்தீர்ப்பு இடமளித்தது. 2018 மார்ச் 9 அன்று ஐவர் அடங்கிய அரசியலமைப்பு அமர்வு முன்கூட்டிய மருத்துவ ஆணையைச் செல்லத்தக்கதாக்கியது. 2023 ஜனவரியில் அதன் கடினமான நடைமுறைகள் எளிமையாக்கப்பட்டன.

2018 தீர்ப்பு வந்த நாளில் தமிழ்ச் செய்தித் தலைப்புகள் பல ‘கருணைக்கொலைக்கு அனுமதி’ என்று அறிவித்தன. நீதிமன்றம் நஞ்சூசிக்கு அனுமதி தரவில்லை. பயனற்ற உயிர்காப்பைத் தவிர்க்கவும் நிறுத்தவும் மட்டுமே வழிவிட்டது. மேலே கூறிய சொற்குறையின் விளைவை இதனினும் தெளிவாகக் காண முடியாது.

அதே நாட்டில் 2015ஆம் ஆண்டு, சமயம் நேரடியாகவே வழக்குப் பொருளாயிற்று. வட இந்தியாவில் சந்தாரா எனப்படும் சல்லேகனை நோன்பு தற்கொலைக்கு ஒப்பானது என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 10 அன்று தீர்ப்பளித்தது. அது சமண சமயத்தின் இன்றியமையாத கூறு என்று மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் கூறியது. சமணர்கள் நாடெங்கும் அமைதி ஊர்வலம் சென்றனர். ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. இங்கு எழுந்த இடர்ப்பாடும் ஒரு சொல்லைப் பற்றியதே. நோன்பாளி ‘நோற்கிறேன்’ என்கிறார். சட்டம் ‘தற்கொலைக்கு முயல்கிறார்’ என்கிறது. 1982 நவம்பரில் வினோபா பாவே பவுனாரில் உணவையும் மருந்தையும் மறுத்து உயிர்நீத்தபோது, அன்றைய பிரதமர் இந்திரா காந்தி நேரில் சென்று கண்டார். எவரும் அதனைக் குற்றமாக நடத்தவில்லை. ஒரே செயலுக்கு இடத்துக்கு இடம் பெயர் மாறும்போது நீதியும் மாறுகிறது. அதனால்தான் பெயரிடுதல் இவ்விவாதத்தின் ஓரத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது.

எதிர்ப்புக்கு அப்பால்

2008இல் சிங்கப்பூரில் கருணைக்கொலை பற்றிய பொதுவிவாதம் மீண்டும் எழுந்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் காவ் பூன் வான், மூப்படையும் சமுதாயம் இறுதிக்காலத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும் என்னும் நோக்கில் இவ்வினாவையும் தொட்டார். சமயத் தலைவர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அரசு அவ்வழியில் செல்லவில்லை. வலிதணிப்புப் பராமரிப்பை வலுப்படுத்தும் வழியில் சென்றது. அதே 2008இல் இயற்றப்பட்ட மனத்திறன் சட்டம், தமக்காக முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்க வகைசெய்தது. ஆயினும் உயிர்காப்புச் சிகிச்சை பற்றிய முடிவை அந்தப் பேராளரிடம் ஒப்படைக்கவில்லை. மீண்டும் அதே எச்சரிக்கை: பிறர் முடிவு தன் முடிவாகிவிடக் கூடாது.

எதிர்ப்பை மட்டும் பதிவு செய்தால் வரலாறு முழுமை பெறாது. சிங்கப்பூரில் இறுதிக்காலப் பராமரிப்பின் தொடக்கம் 1985இல் நிகழ்ந்தது. கனோசியன் அருட்சகோதரியர் நடத்திய புனித யோசேப்பு இல்லத்தில் இறக்கும் நிலையிலுள்ளோருக்காக 16 படுக்கைகள் ஒதுக்கப்பட்டன. சமயம், சாசனம் இல்லாமலே சமுதாயத்துக்கு ஆற்றிய பணி அது. ‘கொல்லாதே’ என்று சொன்னவர்கள், ‘அப்படியாயின் வலியோடு கிடப்பவரை என்செய்வது’ என்னும் அடுத்த வினாவுக்கும் விடையளிக்க முன்வந்தனர். ஒரு சமயத்தின் எதிர்ப்புக்குப் பொதுவாழ்வில் எவ்வளவு மதிப்புத் தரலாம் என்பதை அளக்க இதனினும் நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. 2023இல் வெளியான தேசிய வலிதணிப்புப் பராமரிப்பு உத்தி, மருத்துவமனைகளில் நிகழும் இறப்பு விகிதத்தை 61 விழுக்காட்டிலிருந்து 2027க்குள் 51 விழுக்காடாகக் குறைக்க இலக்கு வகுத்துள்ளது. இதன் பொருள், வருங்காலத்தில் இம்முடிவுகள் மேலும் மிகுதியாக வீட்டிலேயே, தாய்மொழியிலேயே பேசப்படும் என்பது.

‘விடு’ என்னும் வினை

ஆகவே மொழிக்குத் திரும்புவோம். தமிழில் ‘விடு’ என்னும் வினை இவ்விவாதம் முழுவதையும் தாங்கி நிற்கிறது. ‘போக விடு’ என்றால் தடுக்காமல் இருத்தல். ‘கைவிடு’ என்றால் துணையின்றித் துறத்தல். ‘உயிரை விடு’ என்றால் இறத்தல். விடுதலையைக் குறிக்கும் ‘வீடு’ என்னும் சொல்லும் இதன் அடியாகப் பிறந்ததே. நோயாளியின் மகனிடம் மருத்துவர் சொல்வதை ஒருவர் ‘விட்டுவிடலாம் என்கிறார்’ என்று பெயர்த்தால், அம்மகன் கேட்பது எது? தடுக்காமல் இருக்கலாம் என்பதா, அன்றிக் கைவிட்டுவிடலாம் என்பதா? இரண்டாவதைக் கேட்டவர் எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிட மாட்டார். தன் தந்தையை எந்த மகன் கைவிடுவான்?

நம் மொழிக்கு இங்கே வேண்டுவது புதிய கலைச்சொற்களின் குவியல் அன்று. மூன்று செயல்களை மயங்காமல் பிரித்துச் சொல்லும் பழக்கம். உயிரைப் போக்குவது ஒன்று. பயனற்ற சிகிச்சையை நிறுத்தி, இறப்பு தன் போக்கில் வர விடுவது ஒன்று. எந்நிலையிலும் வலியைத் தணித்து, உடனிருந்து பேணுவது ஒன்று. முதலாவதைச் சிங்கப்பூர்ச் சட்டம் ஏற்கவில்லை; இரண்டாவதை விரும்புவோருக்கு அனுமதிக்கிறது; மூன்றாவதை எவருக்கும் மறுக்கவில்லை. இம்மூன்றையும் வகுப்பறையில் ஒரு முறையேனும் தெளிவாகப் பேசிவிட்டால், பின்னர் எச்சமயத்தைச் சார்ந்தவரும் தம் சமயம் இவற்றுள் எதைப் பற்றிப் பேசுகிறது என்று அறிந்து முடிவெடுக்க இயலும். முடிவு அவரவர்க்கு உரியது. அம்முடிவு தவறான சொல்லின்மேல் கட்டப்படாமல் காப்பது மொழியாசிரியர்க்கு உரியது.